நீல வள்ளத்தில் கறுப்புக் கோடு

ஜூன் 9, ஞாயிறு

வெட்கத்தை விட்டு முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த நோட்டு பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் எனக்குக் கொடுத்த அபராதம். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் பத்து அருள் நிறைந்த மரியே செபம். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு மட்டும் வீட்டுப்பாடம்.

பாவம் சொல்ல வரிசையில் நின்றபோது சும்மா நிற்காமல், ஜெரால்டு சாமியார் இருமுவதுபோல் இருமிக் காட்டினேன். நம் பங்குச்சாமி பாவத்தின் எடைக்குத் தக்கபடி இருமுவார். சின்னப் பாவத்துக்கு ஒரு செருமல். பெரிய பாவம் என்றால் நெஞ்சுச்சளி முழுவதும் கிளம்பிவிடும். வரிசையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் முறை வந்து முழந்தாள் போட்டதும், தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இப்ப நான் எப்படி இருமட்டும், வியாகுலம்மா?"

அதன்பிறகு சொன்ன பாவம் எதுவும் எனக்கே காதில் விழவில்லை. கடைசியில் அவர் சொன்னார்: "தினமும் உங்க வாயால யாரை என்ன சொன்னீங்கன்னு எழுதுங்க. எனக்குக் காட்ட வேண்டாம். நீங்களே வாசிச்சுப் பாருங்க."

"எத்தனை நாளைக்கு சாமி?"

"சிரிப்பு வராம போற வரைக்கும்."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே நோட்டு ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டு. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் ஊர்ப் பெண்களின் சுற்றளவு, பின்பக்கம் என் வாயின் நீளம்.

ஜூன் 10, திங்கள்

கேலி செய்தது: மீன் ஏலக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், என் வீட்டுக்காரர் அல்போன்ஸ் (இருமுறை), எதிர்வீட்டு எமிலி அக்கா. எமிலி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னிடம் எப்போதுமே சிரித்ததில்லை. அதனால்தான் அவளைக் கேலி செய்ய எனக்கு ஆசை அதிகம்.

கோழிக்கூட்டின் மேல் போட்டிருக்கும் வலை ஒரு பக்கம் கிழிந்து, பெட்டைக்கோழி வெளியே போய்விட்டது. என்னைப் பெற்ற அய்யா காலத்து நைலான் வலை. தைத்துக் கட்டினேன்.

ஜூன் 15, சனி

சாயங்காலம் கோவில் மணி வேளை கெட்ட வேளையில் அடித்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடினேன். சாவு இல்லை. எமிலி அக்காவின் தம்பி தொபியாஸ் சாமி ஆயர் ஆகிவிட்டார். மேற்கே மலைப்பக்கம் ஏதோ ஒரு மறைமாவட்டத்துக்கு. ரோமாபுரியிலிருந்தே அறிவித்துவிட்டார்களாம்.

தொபியும் நானும் ஐந்தாம் வகுப்புவரை ஒன்றாகப் படித்தோம். அதன்பிறகு அவன் போர்டிங் பள்ளிக்குப் போனான், நான் பாபினுக்கு நூல் சுற்றப் போனேன். அவன் என்று எழுதக் கூடாது. இனிமேல் ஆண்டவர்; ஆயரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எங்கள் ஊர் கீழத்துறை முழுக்க வெடி. எமிலி அக்கா வீட்டு நடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, ஆண்டவருக்கு மூக்கு சிந்திவிட்டதே நீங்கதான? அந்தக் கையைக் காட்டுங்க, முத்தம் குடுத்துக்கிடுதேன்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

ஜூன் 20, வியாழன்

கோவில் ஜன்னல்களுக்குத் திரை தைக்க அளவெடுக்கப் போனேன். ஊர்க் கமிட்டி கூடியிருந்தது. ஆயர் என்றால் ஓர் இலச்சினை வேண்டுமாம். பங்குச்சாமி விளக்கினார். ஒரு கேடயம், அதற்குள் சில அடையாளங்கள், மேலே குஞ்சம் தொங்கும் பச்சைத் தொப்பி, கீழே ஒரு வேதவாக்கியம். கடிதத்தாளில், முத்திரையில், நாற்காலி முதுகில் எல்லாம் அதுதான் இருக்குமாம். சாகிறவரைக்கும் மாற்ற முடியாது, செத்தபிறகு கல்லறையிலும் வெட்டுவார்களாம்.

"கேடயம் எதுக்கு சாமி? ஆண்டவரு யாரோட சண்டைக்குப் போறாவ?" என்று ஸ்டூல் மேல் நின்றபடியே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் தேசத்துப் படைவீரர்கள் தலையிலிருந்து கால்வரை இரும்புச் சட்டை போட்டிருப்பார்களாம். முகம் தெரியாது. வெட்டுகிறவனுக்குத் தன் ஆள் யார், எதிராளி யார் என்று தெரிய வேண்டுமே. அதற்காகக் கேடயத்தில் ஆளுக்கொரு குறி. பிறகு அப்பன் குறி மகனுக்கு, மகன் குறி பேரனுக்கு என்று ஆகிவிட்டதாம்.

"இதுக்கா இவ்வளவு? நம்ம வள்ளத்துலயும் வலையிலயும் குறி போடுறது இதுக்குத்தான" என்றார் தலைவர் கஸ்மீர் அண்ணன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கொரு குறி. கரையில் நின்று பார்த்தால், ஆள் முகம் தெரிவதற்கு முன்பே இன்னார் வள்ளம் என்று தெரிந்துவிடும். வலை மிதவைக் கட்டையிலும் அதே குறிதான்.

கேடயத்தில் சொந்த ஊருக்கும் ஓர் இடம் வைக்க ஆண்டவர் விரும்புகிறாராம். உடனே சண்டை ஆரம்பம். ஒருவர் சங்கு என்றார், ஒருவர் நங்கூரம் என்றார், ஐஸ் கம்பெனிக்காரர் விசைப்படகு என்றார். "ஐஸ் கட்டியையே போட்டுடுங்க, வெள்ளையா இருக்கும், செலவில்ல" என்றேன். கூட்டம் சிரித்துக் கலைந்தது.

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. அபராதம் முடியவில்லை.

ஜூன் 27, வியாழன்

திரை மாட்டப் போயிருந்தேன். பங்குச்சாமி போனில் படத்தைக் காட்டினார். இலச்சினை வந்துவிட்டது.

நீலக் கேடயம். மேலே ஒரு வெள்ளை விண்மீன். நடுவில், மேலிருந்து கீழாகச் சாய்ந்த ஒரு கறுப்புப் பட்டை.

"ஊர்க்காரங்க சண்டையே வேண்டாம்னு அவரே முடிவு பண்ணிட்டார். அவங்க அப்பா வள்ளத்தில் இந்தக் கோடு இருந்துச்சாம். வரைஞ்சு கொடுத்த சாமியார் ஒத்துக்கலை. நீலத்துமேல கறுப்பு வரக் கூடாது, வண்ணத்துமேல வண்ணம் வைக்கிறது இலச்சினை முறைக்கே விரோதம், பொன்னோ வெள்ளியோ போடுங்கன்னு சொல்லியிருக்கார். இவர் கறுப்புதான் வேணும்னு பிடிவாதம். அப்படின்னா தகுந்த காரணம் எழுதிக் கொடுங்கன்னு கேட்டிருக்காங்க. அவருக்கு அர்த்தம் தெரியலை. சின்ன வயசிலேயே போர்டிங் போனவர். ஊர்ல கேட்டுச் சொல்லுங்கன்னு எனக்குப் போன் பண்ணினார். கஸ்மீரைக் கேட்டேன், அவசர வேலைன்னு போயிட்டார். கோவில் மணியடிக்கிற சக்கிரிஸ்தானைக் கேட்டேன், காது கேக்கலைன்னார். காலையில நல்லாத்தான் கேட்டுச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

நான் ஸ்டூல் மேல் நின்றிருந்தேன். கையில் திரை, வாயில் ஊசி. ஊசியை எடுத்துவிட்டு, "தெரியாம என்ன? கடல்ல உயிருக்குத் தத்தளிச்சவனைக் காப்பாத்திக் கொண்டுவந்த வள்ளத்துக்கு ஊரு போடுத கோடு சாமி அது. உயிர்காத்த கோடு. லேசுல கெடைக்காது" என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நான் சிரித்துக்கொண்டு சொன்னால் கேலி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாமியார் ஊருக்குப் புதுசு. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

திரை நன்றாக விழுந்திருக்கிறது. மடிப்பு நேராக இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

இன்று யாரையும் கேலி செய்யவில்லை. தலைவலி.

ஜூலை 3, புதன்

எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லாததால், அந்தக் கோட்டைப் பற்றியே எழுதுகிறேன். இது எங்கள் ஊரில் வயசானவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முன்பெல்லாம் கடலில் ஒருவர் வலையை இன்னொருவர் அறுத்தாலோ தூக்கிக்கொண்டு போனாலோ, ஊர் கூடி விசாரிக்கும். குற்றம் என்று முடிவானால், அவன் வள்ளத்தில், மரத்துக்குப் பூசும் கறுப்புக் கீல் எடுத்துச் சாய்வாக ஒரு கோடு போடுவார்கள். கரையில் இறங்குகிற எல்லோரும் பார்க்கிற மாதிரி, முன்பக்கத்தில். அடுத்த திருவிழாவரைக்கும் அது இருக்க வேண்டும். திருவிழாக் கொடி இறங்கியதும், புகார் சொன்னவர் தன் கையாலேயே அதைச் சுரண்டி அழிக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. புகார் சொன்னவர் அழித்தால்தான் மனது ஆறிவிட்டது, இனிப் பகை இல்லை என்று அர்த்தம். இப்போது அந்த வழக்கமெல்லாம் இல்லை. எல்லாவற்றுக்கும் போலீஸ்.

தொபியின் அப்பா சிலுவை மாமா வள்ளத்தில் போட்டது அந்தக் கோடுதான். யாருடைய வலையோ காணாமல் போனது. தொபி அப்போது நடக்கப் பழகிய பிள்ளை.

திருவிழா முடிந்தும் புகார் சொன்னவர் சுரண்டப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாது. சிலுவை மாமாவும் தானாக அழிக்கவில்லை. வருஷாவருஷம் வள்ளத்துக்கு நீலம் அடிக்கும்போது, அந்தக் கோட்டைத் தன் கையாலேயே மறுபடி கறுப்பில் எழுதினார். "போட்டவன் வந்து அழிக்கட்டும்" என்பார். சாகும்வரை அப்படியே. அவர் செத்ததும் வள்ளத்தை உடைத்து விறகுக்கு விற்றார்கள்.

ஜாக்கெட்: ஸ்டெல்லா, கை நீளம் கூட்ட வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

பூசையில் பங்குச்சாமி பிரசங்கம் முழுவதும் உயிர்காத்த கோடு. "இந்தக் கடற்கரை மக்கள் வீரத்துக்குப் பதக்கம் கொடுக்கவில்லை, ஒரு கோடு கொடுத்தார்கள்" என்றார். "கறுப்பு என்பது ஆழ்கடலின் நிறம்" என்றார். அதை நான் சொல்லவில்லை. அவராகச் சேர்த்தது.

வயசானவர்கள் எல்லோரும் கீழே குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளவட்டங்கள் கைதட்டினார்கள். எமிலி அக்கா முதல் வரிசையில், முதுகு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜாக்கெட் நான் தைத்ததுதான். தோள் தையல் விட்டிருந்தது.

பூசை முடிந்ததும் கஸ்மீர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"வியாகுலம், ஒன் வாயி இன்னைக்குத்தான் ஊருக்கு ஒரு நல்லது பண்ணிருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"நான் சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன் அண்ணே. நீங்க சாமிட்ட சொல்லுங்களேன்."

"நான் என்னத்தச் சொல்ல? ஆயரு அப்பன் வலை திருடுனவன்னு சொல்லவா? இல்ல, ஊரு பொய்த் தீர்ப்புச் சொல்லுச்சுன்னு சொல்லவா? ரெண்டுல எது ஒனக்குச் சம்மதம்?"

"பொய்த் தீர்ப்புன்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒனக்குத் தெரியாதுன்னா எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

ஜூலை 8, திங்கள்

வேலை ஓடவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு இடதுகை தைத்துவிட்டேன். பிரித்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

எமிலி அக்கா வந்தாள். தோள் தையல் விட்ட ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாள். என் வீட்டு வாசற்படியை அவள் மிதித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். எப்போதும் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள்.

"வாங்கக்கா, ஆண்டவரோட அக்கா வந்துருக்காவ, சேர் போடுங்க" என்று அல்போன்ஸிடம் சொன்னேன். வழக்கம்போல் வந்துவிட்டது. சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அல்போன்ஸ் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஐஸ் வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நல்ல மனுஷன். ஓட வேண்டிய நேரம் தெரிந்தவர்.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. பின்பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். கோழிக்கூட்டுக்கு முன்னால் நின்றாள்.

"இந்த வலையை நீ எப்பவாச்சும் நல்லாப் பாத்துருக்கியாட்டி?"

"கோழிக்கூட்டு வலையில பாக்க என்னக்கா இருக்கு?"

அவள் குனிந்து, ஓரத்தில் சிக்கிக் கிடந்த ஒரு மிதவைக் கட்டையைப் புரட்டினாள். கோழி எச்சத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். மூன்று வெட்டு. பக்கத்தில் ஒரு சுழி.

"உங்க அய்யா குறி. தொலஞ்சுபோச்சுன்னு உங்க அய்யா சொன்னது இந்த வலைதான. எங்க அப்பா தூக்கிட்டுப் போயிட்டாருன்னு ஊரு கோடு போட்ட வலை."

சொல்ல எதுவும் வரவில்லை. என் வாய்க்கு இப்படி ஆகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அதை வைத்தே ஒரு வாரம் கேலி செய்திருப்பேன்.

"எத்தனை வருஷமா தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னமே தெரியும். ஒரு நாளு உங்க அம்மாகிட்ட முட்டை வாங்க வந்தேன். கூட்டுக்குள்ள கையை விட்டேன், கட்டை தட்டுப்பட்டுச்சு. அப்பாகிட்டப் போயிச் சொன்னேன். அவரு சொன்னாரு, 'அவனா வரட்டும்மா'ன்னு. வரல."

"நீங்க ஊருக்குள்ள சொல்லிருக்கலாமே."

"சொன்னா நீ என்ன பண்ணிருப்ப? நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லிருப்ப. அவ்வளவுதான் முடிஞ்சிருக்கும். ஒன் வாய்க்கு முன்னால நிக்க எனக்குத் தெம்பு கெடையாது."

ஜாக்கெட்டைக் கூட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். போகும்போது சொன்னாள், "எங்க அப்பா யாரையும் காப்பாத்தல. அவரு செய்யாததை அவருக்குக் குடுக்காத. செய்யாத ஒண்ண ஏற்கெனவே அவருக்குக் குடுத்துட்டீக."

ஜூலை 10, புதன்

தோள் தையல் போட்டாயிற்று. இரட்டைத் தையல்.

ஜூலை 13, சனி

மூன்றாம் தேதி எழுதியதை வாசித்துப் பார்த்தேன். "யாருடைய வலையோ" என்று எழுதியிருக்கிறேன். "ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாது" என்றும் எழுதியிருக்கிறேன். யாருமே படிக்காத நோட்டில், என்னிடமே பொய் சொல்லி வைத்திருக்கிறேன். எழுத்து மட்டும் அழகாக இருக்கிறது.

அந்த வலை எங்கள் அய்யாவின் வலை. விசைப்படகு ஒன்றின் மடிவலையில் சிக்கி வேறு துறைக்குப் போயிருந்தது. கோடு போட்டுக் கொஞ்ச நாளில், அந்தத் துறையில் இருந்த எங்கள் சொந்தக்காரர் குறியைப் பார்த்து அடையாளம் கண்டு கொண்டுவந்து கொடுத்தார். அய்யா அன்றே சிலுவை மாமா வீட்டுக்குப் போயிருக்கலாம். நாளைக்குப் போகலாம் என்றாராம். பிறகு திருவிழாவுக்குப் போகலாம் என்றாராம். திருவிழா வந்தபோது, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று போகவில்லை. இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா அந்த வலையைத் தெருப்பக்கம் காயப்போட விடமாட்டாள்.

அய்யா கெட்டவர் இல்லை. ஜூன் 27க்குப் பிறகு எனக்கு அது நன்றாகப் புரிகிறது. நானும் நாளைக்குப் போகலாம் என்றுதான் இருக்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

சாமியாரிடம் சொல்லப் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன்.

ஜூலை 17, புதன்

சாமியார் குளிக்கவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தார். "என்ன வியாகுலம்மா" என்று கேட்டார். திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றேன்.

ஜூலை 20, சனி

தொபி வந்திருந்தார். ஆயர் அபிஷேகத்துக்கு முன் அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற, யாருக்கும் சொல்லாமல், வாடகைக் காரில். எமிலி அக்கா வீட்டு முன்னால் கார் நிற்பதைப் பார்த்தேன். கோழிக்கூட்டு வலையிலிருந்து அந்த மிதவைக் கட்டையை அறுத்தெடுத்து, துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். செருப்புப் போட மறந்துவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாளைக் குழம்பு. என்னைப் பார்த்ததும், "வா வியாகுலம், இன்னும் யாரையும் விட்டு வைக்கலையாமே" என்றார். முடி நரைத்துவிட்டது. முகம் சிலுவை மாமா முகம்தான்.

"ஆண்டவரே" என்றேன்.

"தொபின்னே சொல்லு. அந்த ஆண்டவரே எனக்கே இன்னும் ஒட்டல."

கட்டையைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எமிலி அக்கா குழம்புச் சட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கீல், கோடு, எங்கள் அய்யா, விசைப்படகு, கோழிக்கூடு, நான் ஸ்டூலில் நின்று சொன்ன கதை. வேடிக்கையாகச் சொல்ல ஒரு இடம்கூட இல்லை. அப்படி ஒன்றை நான் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் கையில் சோறு காய்ந்துபோனது.

"லீவுக்கு வரும்போதெல்லாம் பெயிண்ட் டின்னை நான்தான் புடிப்பேன்" என்றார். "மத்த எடமெல்லாம் ஆளு வச்சு அடிப்பாரு. அந்தக் கோட்டை மட்டும் அவரே அடிப்பாரு. மூச்சைப் புடிச்சுக்கிட்டு, ஒரே இழுப்பு. நம்ம குடும்பத்துக் குறின்னு நினைச்சேன். பள்ளிக்கூடத்துல படம் வரையச் சொன்னா, அந்த வள்ளத்தைத்தான் வரைவேன். கோட்டோட."

கட்டையை எடுத்துப் பார்த்தார். மூன்று வெட்டையும் விரலால் எண்ணுவதுபோல் தொட்டார்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்யா."

"ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா டின்னைப் புடிச்சுட்டு நின்ன."

அவர் கட்டையைத் தட்டுக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தார். இலச்சினையிலிருந்து கோட்டை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். நானே சொன்னேன், "எடுத்துட்டு வேற ஏதாவது வச்சுக்கிடுங்க. நங்கூரம் வைங்க. ஐஸ் கட்டியக்கூட வைங்க." இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எடுக்க மாட்டேன். அழிக்கிறதுக்கு எனக்குப் பாத்தியம் இல்லேன்னு நீதான சொன்ன. அப்பாவே அழிக்கல. ஆனா அர்த்தத்தை மாத்தணும். உயிர்காத்த கதையை எடுத்துடச் சொல்லுறேன். 'என் தந்தையின் வள்ளத்தில் இருந்த கோடு' அவ்வளவுதான் எழுதுவேன். மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன். அது உங்க வீட்டுக் கதை. சொல்றதும் சொல்லாததும் நீ பாத்துக்க."

கிளம்பும்போது சொன்னார், "நீ சொன்ன கதை நல்லாருந்துச்சு வியாகுலம். போன்ல கேட்டப்போ ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."

இதைத் திட்டாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

ஜூலை 21, ஞாயிறு

ஒரு கட்டை போனதால் கூட்டு வலை ஓரம் தூக்கிக்கொண்டது. செங்கல் வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அபிஷேகம். ஊரிலிருந்து ஐந்து பஸ் போனது. நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொன்னேன். உண்மையிலேயே கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது. அல்போன்ஸ் விழா மலர் கொண்டுவந்தார். முதல் பக்கத்திலேயே நீலமும் கறுப்பும். கீழே ஒரே வரி. அவர் சொன்ன வரிதான். உயிர்காத்த கதை இல்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எல்லோரும் உயிர்காத்த கதையைத்தான் பேசினார்களாம். இப்போது காப்பாற்றப்பட்டவர் பெயர்கூட வந்துவிட்டதாம். பக்கத்து ஊர்க்காரராம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பங்குச்சாமி ஆள் அனுப்பினார். பதினெட்டாம் தேதி ஆண்டவருக்கு ஊரில் நன்றிப் பூசை. கொடிமரத்தில் ஏற்ற அவர் இலச்சினைக் கொடி நான்தான் தைக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்லச் சென்றேன். வழியில் எமிலி அக்கா நின்றாள்.

"நீயே தை. வேற ஆளு வேண்டாம்" என்றாள்.

நீல சாட்டின், கறுப்பு சாட்டின், விண்மீனுக்கு வெள்ளை. கடையில் கறுப்பு யாருக்கு என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு என்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கொடி தைக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கோட்டைச் சாய்வாக வைத்து ஊசி குத்தினேன். அடுத்த பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெறும் நீலம்தான் தெரியும், எமிலி அக்கா வீடு கொடிமரத்துக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் துணியைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கமும் படத்தில் இருப்பதுபோலவே, அதே சாய்வில் ஒரு கோடு தைத்தேன். இரண்டு பக்கமும் ஓரம் மடித்து, நெருக்கத் தையல். இவ்வளவு கவனமாக நான் எதையும் தைத்ததில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பூசை முடிந்து முற்றத்தில் கூட்டம். ஆண்டவர் நாற்காலியில். பக்கத்தில் எமிலி அக்கா, நான் தோள் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டில். கஸ்மீர் அண்ணன் மைக்கைப் பிடித்தார். உயிர்காத்த கோட்டைப் பற்றி மறுபடியும் சொன்னார். எனக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகவும் சொன்னார். கொடி தைத்ததற்கு.

போர்த்தினார். கை தட்டினார்கள். "வியாகுலம், ரெண்டு வார்த்த பேசு. ஆண்டவரக் கேலி பண்ணிராத" என்று மைக்கைக் கொடுத்தார். அப்போதே சிரிப்பு.

நான் சொன்னேன்: "உயிர்காத்த கோடுன்னு ஒண்ணு கெடையாது. அது நான் கட்டுன கதை."

சிரித்தார்கள்.

"அது வலை திருடுனவனுக்குப் போடுற கோடு. சிலுவை மாமா வலை திருடல. அந்த வலை எங்க வீட்டுக் கோழிக்கூட்டு மேல கெடக்கு."

இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோழிக்கூட்டு மேலயாம்" என்றாள். வாழ்க்கை முழுவதும் இவர்களை நான்தான் சிரிக்கப் பழக்கியிருக்கிறேன். பொன்னாடை வழுக்கி விழுந்தது. எடுக்கவில்லை.

மறுபடியும் சொன்னேன். முதலிலிருந்து, மெதுவாக. எங்கள் அய்யா பேரைச் சொன்னேன். குறி மூன்று வெட்டு, ஒரு சுழி என்று சொன்னேன். பாதியில் வயசானவர்கள் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு மற்றவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். பிறகு கடல் சத்தம் கேட்டது. "போட்டவங்க வந்து அழிக்கணும்னு சிலுவை மாமா சொன்னாவ. எங்க அய்யா வரல. அழிக்க இப்ப வள்ளமும் இல்ல" என்று சொல்லி மைக்கைக் கஸ்மீர் அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

எமிலி அக்கா எழுந்து வந்தாள். பொன்னாடையைக் குனிந்து எடுத்து உதறி, மடித்து, என் கையில் கொடுத்தாள். "கொடியை ஏத்துவோம் வாட்டி" என்றாள். இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம்.

கொடி மேலே போய்க் காற்றில் விரிந்தது. சாட்டின் மெல்லிய துணி. பின்னாலிருந்து வெயில் பட்டதும் இந்தப் பக்கத்துக் கோடும் அந்தப் பக்கத்துக் கோடும் சேர்ந்து தெரிந்தன. ஒன்று இப்படிச் சாய்ந்தும், ஒன்று அப்படிச் சாய்ந்தும். தப்பான கணக்குக்கு வாத்தியார் போடுவாரே, அந்த மாதிரி ஒரு பெருக்கல் குறி, ஊருக்கே தெரிகிற அளவில்.

ஆண்டவர் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இறக்கித் தைத்துத் தரட்டுமா என்று எமிலி அக்காவிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

பங்குச்சாமி பக்கத்தில் வந்தார். "இது அந்திரேயா சிலுவையா வியாகுலம்மா? இதுக்கு என்ன அர்த்தம்?"

"தையல் பிழை சாமி" என்றேன்.

பேனாவை எடுக்கிறாரா என்று பார்த்தேன். எடுக்கவில்லை. இருமினார்.